சர்க்கரைக்கு நாட்டுச் சூரணம் சாப்பிட்டு வந்த அப்பாவுக்கு மஞ்சள் காமாலை: மூலிகையால் ஈரல் கெடுமா?

உசிலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாளைக் காலைக்குள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 58 வயது. உசிலம்பட்டிப் பக்கம் ஊர், மல்லிகைத் தோட்டம். ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் மட்டும்தான் மாத்திரை. குடி கிடையாது (இதை டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டு, அப்பா கோபப்பட்டு, அம்மா சத்தியம் பண்ணி, அது ஒரு தனிக் கூத்து). சித்திரைத் திருவிழாவுக்கு வந்த பெரியப்பா, "மாத்திரைய தின்னு தின்னு கிட்னி போயிரும்டா" என்று சொல்லி, தான் வழக்கமாக வாங்கும் வைத்தியரிடமே ஒரு சூரணம் வாங்கிக் கொடுத்தார். காலையும் ராத்திரியும் ஒரு ஸ்பூன், வெந்நீரில். பேப்பர் பொட்டலம்தான், மேலே பெயரோ தேதியோ ஒன்றும் இல்லை. என்ன சரக்கு என்று கேட்டதற்கு சீந்தில், சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல் கொட்டை, "அப்புறம் இன்னும் சிலது" என்றாராம். சர்க்கரை மளமளவென்று இறங்கியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆடி பிறந்ததிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, குமட்டல், மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போயிருக்கிறது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பூ எடை போட வந்த வியாபாரிதான் "என்னண்ணே கண்ணு இம்புட்டு மஞ்சளா கெடக்கு" என்று கேட்டிருக்கிறார். டெஸ்ட் எடுத்தோம். மொத்த பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) 9.4, டைரக்ட் 6.9, எஸ்ஜிபிடி 1120, எஸ்ஜிஓடி 870, ஏஎல்பி 190. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ நான்கும் நெகட்டிவ். ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. டாக்டர் சூரணத்தை உடனே நிறுத்தச் சொல்லி, மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் அட்மிட் ஆகுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அப்பா, "பச்சிலை என்னத்தடி செய்யும், இத்தன வருசம் தின்ன இங்கிலீசு மாத்திரதான் ஈரலத் தின்னுருச்சு" என்கிறார். பெரியப்பா, காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது, கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து உப்பில்லாப் பத்தியம் இருந்தால் தானாக இறங்கிவிடும் என்கிறார், விடியற்காலை கிளம்ப ஆட்டோவும் சொல்லிவிட்டார். அவரும் இதே சூரணத்தைத்தான் சாப்பிடுகிறார், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், அதைத்தான் எல்லாரும் எனக்குப் பதிலாகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே மூலிகையால் இப்படி ஆகுமா? கீழாநெல்லி கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாமா?

அண்ணாநகர்_லேப்:

சகோதரி, நான் டாக்டர் இல்லை, லேபில் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் அடிக்கிற ஆள், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குப் பதில்: ஆகும். இரண்டு நாள் பார்க்க வேண்டாம், ஆட்டோவை மதுரைக்குத் திருப்புங்கள்.

எஸ்ஜிபிடி ஏறக்குறைய 40க்குள் இருக்க வேண்டியது. 1120 என்றால் ஈரல் செல்கள் உடைந்து உள்ளே இருந்தது ரத்தத்தில் கொட்டுகிறது. ஏஎல்பி கொஞ்சமாகத்தான் ஏறியிருக்கிறது, அதனால் பித்தம் அடைபட்ட காமாலை மாதிரி தெரியவில்லை, அடி செல்லிலேயே விழுந்திருக்கிறது. இப்படி ரிப்போர்ட் வந்தால் முதலில் வைரஸைத் தேடுவார்கள், அது உங்களுக்கு இல்லை. அடுத்தது என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதுதான். மெட்ஃபார்மின் ஈரலைக் கெடுப்பது மிக அரிது, அதுவும் வருஷக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டுச் சூரணம் வந்த பிறகுதானா வேலையைக் காட்டும்?

மருந்தால் எஸ்ஜிபிடி மூன்று மடங்குக்கு மேல் ஏறி, கூடவே பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டி, அடைப்பும் இல்லை என்றால், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஹைமன் சிம்மர்மன் என்ற அமெரிக்க டாக்டர் கண்டு சொன்னார். அவர் பெயரில் ஹை விதி என்றே சொல்கிறார்கள். உங்கள் அப்பா அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார், இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

நீங்கள் போட்ட ரிப்போர்ட்டில் முக்கியமான ஒன்று இல்லை, பிடி ஐஎன்ஆர். ரத்தம் உறைய வேண்டிய புரதங்களை ஈரல்தான் செய்கிறது, அதனால் ஈரல் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது அந்த எண்தான். எஸ்ஜிபிடி, உடைந்தது எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ஐஎன்ஆர் 1 பக்கத்தில் இருந்தால் மூச்சு விடலாம். 1.5ஐத் தொட்டு, ஆளும் குழம்பிப் பேசினால் அது ஈரல் செயலிழப்பு.

இன்னொன்று, பலபேர் ஏமாறுவது இதில்தான். பச்சிலை குடித்துவிட்டு எங்களிடம் மறுபடி வருவார்கள், எஸ்ஜிபிடி 1100இலிருந்து 300க்கு வந்திருக்கும், மருந்து கேட்டுவிட்டது என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அதே தாளில் இரண்டு வரி மேலே பிலிருபின் 9இலிருந்து 18 ஆகியிருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றும் சேர்ந்து இறங்கினால்தான் நல்லது. பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டே போக எஸ்ஜிபிடி மட்டும் சரிந்தால், உடைவதற்குச் செல்லே மிச்சம் இல்லை என்றும் அர்த்தமாகலாம்.

ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவது, கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு வெட்டி வெட்டி ஆடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, ஈறில் ரத்தம், இதில் எது தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சூரணப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். கோபத்தில் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

பழங்காநத்தம்_பாண்டி:

எதற்கெடுத்தாலும் மூலிகை மேல் பழி. பாரசிட்டமால் அதிகம் போட்டால் ஈரல் போகாதா? டிபி மாத்திரையில் எத்தனை பேருக்குக் காமாலை வருகிறது? அதையெல்லாம் யாரும் தடை செய்யச் சொல்வதில்லை. டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர், கொரோனாவில் கபசுரக் குடிநீர் என்று அரசாங்கமே தெருத்தெருவாக ஊற்றிக் கொடுத்தது, அப்போது ஈரல் எங்கே போயிருந்தது? எங்கள் தாத்தா சதுரகிரிக்கு நடந்தே போய் மூலிகை கொண்டுவந்து சாப்பிட்டவர், 90 தாண்டி இருந்தார். கீழாநெல்லிக்குக் காமாலை கேட்கும் என்று வெள்ளைக்காரன் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. அவர் பெரியப்பா சொல்வதில் தப்பே இல்லை.

மேலூர்_தேவி:

பாண்டி அண்ணனோடு நான் சண்டைக்கு வரவில்லை, எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தூக்கம் வரவில்லை, உடம்பு அசதி என்று அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்சூல் சாப்பிட ஆரம்பித்தேன். ஆன்லைனில் வாங்கினேன், நல்ல டப்பா, எல்லாச் சான்றிதழும் ஒட்டியிருந்தது. கொஞ்ச வாரத்தில் அரிப்பு வந்தது. தோலில் தடிப்பு, சொறி ஒன்றும் கிடையாது, உள்ளங்கையும் உள்ளங்காலும்தான், அதுவும் விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். சீப்பை எடுத்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தோல் டாக்டரைப் பார்த்து களிம்பு பூசி, சோப்பை மாற்றி, கத்திரிக்காயை நிறுத்தி, கருவாட்டை நிறுத்தி எல்லாம் ஆனது. அரிப்புக்கென்று போட்ட மாத்திரையால் தூக்கம் வந்ததுதான் மிச்சம். கடைசியில் கண் மஞ்சளான பிறகுதான் ஈரல் டெஸ்ட் எடுத்தார்கள். எனக்கு உங்கள் அப்பா மாதிரி எஸ்ஜிபிடி ஆயிரமெல்லாம் இல்லை, பிலிருபினும் ஏஎல்பியும்தான் ஏறியிருந்தது, பித்தம் ஈரலுக்குள்ளேயே தேங்கிவிட்டது என்றார்கள். கேப்சூலை நிறுத்தியதும் மெதுவாகச் சரியானது, அரிப்பு முழுசாக நிற்க மாதக்கணக்கானது.

பிறகு தேடிப் பார்த்தால் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக இதே அமுக்கராவால் இதே அரிப்பும் காமாலையுமாக 5 பேரைப் பற்றி 2020இல் எழுதியிருக்கிறார்கள். டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது. அங்கே தடை செய்ததற்கு முக்கியமாகச் சொன்ன காரணம் ஈரல் இல்லை, தைராய்டு, பாலின ஹார்மோன், கரு கலையும் என்ற பயம் இவைதான். நம் ஊரில் அதைப் பாலில் போட்டுக் குடிக்கும் பாட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என் மாமியார் இன்னும் கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை.

தல்லாகுளம்77:

கரும்புச் சாறு, இளநீர் நிறையக் கொடுங்கள், சூடு தணிந்து காமாலை இறங்கும். முழங்கையில் சூடு போட்டாலும் கேட்கும் என்பார்கள்.

அண்ணாநகர்_லேப்:

சர்க்கரை நோயாளிக்குக் கரும்புச் சாறா! சூடு போட்ட புண்ணோடும் வருகிறார்கள், காமாலையோடு சீழும் சேர்ந்து. தயவுசெய்து வேண்டாம்.

பாளைச்சித்தா:

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன், இப்போது மதுரை மாவட்டத்தில்தான் பார்க்கிறேன். முதலில் உசிலைக்காரிக்கு: லேப்காரர் சொன்னதைச் செய்யுங்கள். இந்த எண்களோடு ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தால் நானும் ஒரு மருந்தும் கொடுக்காமல் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்.

பாண்டி அண்ணே, நம் துறைக்காகப் பேசுகிறீர்கள், ஆனால் நீங்கள் சொன்ன உதாரணமே நமக்கு எதிராகத்தான் நிற்கிறது. டிபி மாத்திரை ஈரலைத் தாக்கும் என்று எப்படித் தெரியும்? காமாலை வந்தவர்களை ஒவ்வொருவராக எழுதி வைத்தார்கள், அதனால் இன்று மாத்திரை கொடுக்கும்போதே ஈரல் டெஸ்டும் எழுதுகிறார்கள், ஏறினால் நிறுத்தி மாற்றுகிறார்கள். நம் பக்கத்தில் எழுதி வைப்பதே இல்லை. எழுதாததை நாம் "பக்க விளைவு கிடையாது" என்று சொல்லி விற்கிறோம்.

சீந்தில் விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் மும்பை ஈரல் டாக்டர்கள் சீந்தில் சாப்பிட்டுக் காமாலை வந்த 6 பேரைப் பற்றி எழுதினார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்குகிற மாதிரியான வகை. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, எந்தக் கொடி என்றே சரியாக அடையாளம் காணாமல் எழுதிவிட்டார்கள், சீந்தில் மாதிரியே இருக்கும் வேறு இனமாக இருக்கலாம் என்றது. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, சீந்தில் குடும்பத்தில் ஒன்றுபோல் இருப்பவை இருக்கின்றன. அடுத்து நாட்டின் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பதிவு செய்தன. அதற்குப் பிறகு எல்லாமே தப்பான கொடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறுகுறிஞ்சானுக்கும் 2010இல் ஒரு நோயாளியைப் பற்றிய பதிவு இருக்கிறது, அவரும் சர்க்கரைக்காகச் சாப்பிட்டவர்தான்.

கபசுரத்திலும் சீந்தில் இருக்கிறது, 15 சரக்கில் ஒன்றாக, சில நாளைக்குக் குடிக்கும் கஷாயமாக. சூரணமாக நாளுக்கு இரண்டு ஸ்பூன், மாதக்கணக்கில் என்பது வேறு. ஒரு மண்டலம், 48 நாள் என்று சொல்லிக் கொடுத்தாலும் யாரும் நிறுத்துவதில்லை, நல்லாத்தானே இருக்கு என்று தொடர்கிறார்கள்.

தேவி அக்காவின் மாமியார் கேள்விக்கும் பெரியப்பா கல்லுக்குண்டாக இருப்பதற்கும் பதில் ஒன்றுதான். பாரசிட்டமால் அளவு மீறினால் யாருடைய ஈரலும் தாங்காது. மூலிகையால் வரும் பாதிப்பு பெரும்பாலும் அப்படி இல்லை, ஆயிரம் பேர் சாப்பிட்டு ஒருவருக்கு வரும், அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ சாறு, உடம்பு இளைக்கக் குடம்புளி, இந்த மூன்றிலும் ஈரல் கெட்டவர்களைச் சோதித்தபோது எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபுக்கூறு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. குழம்பில் போடும் மஞ்சள் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். கேப்சூலில் அதன் சத்தை மட்டும் பிரித்து, உடம்பில் ஏறுவதற்காக மிளகுச் சாறும் சேர்க்கிறார்கள். மிளகின் பைப்பரின் சேர்ந்தால் மஞ்சள் சத்து ரத்தத்தில் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998இல் கண்டுபிடித்ததே பெங்களூர்க்காரர்கள்தான்.

இனி அந்தப் பொட்டலம். சர்க்கரை மளமளவென்று இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு நெருடுவது அந்த வரிதான். ஆவாரம்பூவும் நாவல் கொட்டையும் அவ்வளவு வேகமாக இறக்காது. லேபிள் இல்லாத சர்க்கரைச் சூரணங்களில் கிளிபென்கிளமைடு மாதிரி இங்கிலீஷ் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கலப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது, மூட்டுவலிச் சூரணம் என்றால் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும். இவர் கலந்தார் என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆனால் அட்மிட் செய்யும் டாக்டரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லுங்கள், இப்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்தாலும் ஏறினாலும் அவருக்கு உதவும். பாதரசம், ஈயம் இருக்குமா என்பதும் அந்தப் பொட்டலத்தை வைத்துத்தான் தெரியும்.

முறையாக விற்கிற சித்த மருந்து டப்பாவில் உரிம எண், பேட்ச் எண், சரக்குப் பட்டியல் மூன்றும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எட்டி, நேர்வாளம், சேராங்கொட்டை, பாதரசம் மாதிரி நச்சுச் சரக்கு சேர்ந்திருந்தால் மருத்துவ மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். ஆனால் தேவி அக்காவுக்கு வந்தது நல்ல டப்பாவிலிருந்துதான், அதனால் லேபிள் இருந்தாலே பயமில்லை என்றும் சொல்ல முடியாது.

கீழாநெல்லி: பாண்டி அண்ணன் சொன்ன பத்திரிகை லான்செட், 1988, ஆய்வு நடந்தது சென்னையில். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்து, 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது என்றார்கள். அப்போது எங்கள் ஆசிரியர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. ஊரில் கீழாநெல்லி "கேட்கிற" காமாலை பெரும்பாலும் தண்ணீரால் வரும் ஏ, இ வகை, அது மருந்தே கொடுக்காவிட்டாலும் அநேகம் பேருக்குச் சில வாரத்தில் தானாக இறங்கும். உங்கள் அப்பாவுக்கு வைரஸே இல்லை. கெட்டுப்போன ஈரலுக்கு இப்போது எந்த இலையும் வேண்டாம், நல்ல இலையாக இருந்தாலும் சரி. நாளை எண் ஏறினால் எதனால் ஏறியது என்று டாக்டர் குழம்புவார்.

பழங்காநத்தம்_பாண்டி:

சரி டாக்டர், மாத்திரை கலப்பது எனக்குப் புதுசு. அப்படிக் கலந்தால் அது மூலிகையின் தப்பு இல்லைதானே? ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உசிலைக்காரி:

எல்லாருக்கும் நன்றி, தாமதமாக எழுதுகிறேன். லேப் அண்ணன் எழுதியதை மாமாவிடம் (அம்மாவின் தம்பி) படித்துக் காட்டினேன், அவர் அன்று ராத்திரியே கார் பிடித்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். முதல் நாள் ஐஎன்ஆர் 1.4. அடுத்தடுத்து எடுத்ததில் ஏறவில்லை, இன்று 1.2. எஸ்ஜிபிடி இறங்குகிறது, பிலிருபின் கொஞ்சம் ஏறிவிட்டு இப்போதுதான் நின்றிருக்கிறது. மெட்ஃபார்மினை நிறுத்தி இன்சுலின் போடுகிறார்கள். ஏஎன்ஏ என்று ஒரு டெஸ்ட் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ், அதனால் ஸ்டீராய்டு தேவையா என்று பயாப்சி (ஈரலில் துளி சதை எடுத்துச் சோதிப்பது) பார்த்து முடிவு செய்வோம் என்றிருக்கிறார்கள்.

சித்தா டாக்டர் சொன்னபடி பொட்டலத்தைக் கொடுத்தேன். வார்டு டாக்டர் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, இதே கலர் பொட்டலம் இந்த வருஷம் முன்பே ஒன்று வந்தது என்றார். எந்த ஊர் என்று கேட்டேன், சொல்லவில்லை.

அப்பா இன்னும் முழுசாக நம்பவில்லை. சரியானதும் கால் ஸ்பூன் மட்டும் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று நர்ஸிடம் கேட்கிறார். இப்போது என் கவலை பெரியப்பா. அவரும் அதே பொட்டலம்தான். கண் மஞ்சள் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். அவருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பாளைச்சித்தா:

அப்பாவுக்கு: கால் ஸ்பூன் இல்லை, நாக்கில் படவும் கூடாது. ஒருமுறை இப்படி ஆன ஈரல் அதே மருந்தை மறுபடி பார்த்தால் முன்னைவிட வேகமாகவும் மோசமாகவும் தாக்கப்படலாம். இனி எந்த டாக்டரிடம் போனாலும், என்னைப் போன்றவர்களிடம் வந்தாலும், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் மருந்து வாங்க வேண்டும். வார்டு டாக்டரிடம் இதை மருந்துப் பாதகம் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள், நீங்களே 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம், நாட்டு மருந்து என்பதற்காகத் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

பெரியப்பாவுக்குக் கட்டாயம் டெஸ்ட். மஞ்சள் தெரியாமலேயே எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் இருக்கலாம். சூரணத்தை நிறுத்தியதும் அவர் சர்க்கரையும் தாறுமாறாக ஏறலாம், மாத்திரை கலந்திருந்தால் நிச்சயம் ஏறும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அண்ணாநகர்_லேப்:

பெரியப்பாவுக்கு எல்எஃப்டி (ஈரல் டெஸ்ட்) போதும், அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் சேர்த்து எடுப்பதால் காலையில் டீ கூடக் குடிக்காமல் வரச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சியும் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.

உசிலைக்காரி:

மாமா நாளைக் காலை அவரை அழைத்து வருகிறார். டெஸ்ட் என்றால் வரமாட்டார் என்பதால், தம்பியைப் பார்க்க வாங்க என்று சொல்லியிருக்கிறோம். டீ குடிக்காமல் எப்படிக் கிளப்புவது என்றுதான் அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார்.